ஈரக் கம்பளி: ஒன்று

ஜூரா மலையில் இன்னும் பனி மிச்சம் இருக்கிறது.
ஊர் மன்றக் கூடத்தில் ஹீட்டர் முனகுகிறது.
நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி,
தட்டுக்கு ஒரு துண்டாகப்
பதினான்கு மாதம் நிலவறையில் கிடந்த பாலாடைக்கட்டி.
என்ன மணக்கிறது, என்ன ருசிக்கிறது
என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.
சம்பளம் இல்லை. முடிவில் ஒரு கிளாஸ் மஞ்சள் ஒயின் உண்டு.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வளைவு நாற்பத்தொன்று, பிள்ளைகள் இருபத்தாறு.
எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று
கண்ணாடியைப் பார்க்காமலே சொல்வேன்.
ஆனால் "நீ என்ன நினைக்கிறாய், மிரேய்?" என்று
யாராவது கேட்டுவிட்டால்
முதலில் சுற்றியுள்ள முகங்களைப் பார்ப்பேன்.
அவற்றில் ஒன்றின் எண்ணத்தை எடுத்துப் போட்டுக்கொள்வேன்,
விருந்து கலையும் அவசரத்தில்
வேறொருவர் கோட்டை மாட்டிக்கொண்டு வருவதுபோல.
பெரும்பாலும் பொருந்திப்போகும்.
பையில் கைவிட்டால்தான் தெரியும்,
யாருடைய சாவியோ.

அர்மான் முதலில் சொன்னார்.
எப்போதும் அர்மான்தான் முதலில் சொல்வார்.
முப்பது வருடம் பால்பண்ணை நடத்திய நாக்கு.
"அக்ரூட்," என்றார், மூடிய கண்ணைத் திறக்காமல்.
மேசை முழுக்க அக்ரூட் உருண்டது.
"ஆமாம், அக்ரூட்." "பிஞ்சு அக்ரூட்."
"தோலோடு," என்றார் மருந்துக்கடை ப்ளாந்தின்,
என்னவோ துணிந்து சொல்லிவிட்ட முகத்தோடு.

என் வாயில் இருந்தது அக்ரூட் இல்லை.
நவம்பர் மாதம், ஜன்னலெல்லாம் ஆவி,
மழையில் நனைந்து ஏறிய பிள்ளைகள்
பின்சீட்டில் கழற்றிப் போட்ட தொப்பிகள்.
அந்த வாசனை. நாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்றது.

தாளில் எழுதினேன்: ஈரக் கம்பளி.
எழுதிய கையோடு அழிக்கப் போனேன்.
பென்சிலின் மறுமுனையிலேயே அழிப்பான்.
என்ன முன்யோசனை, செய்தவனுக்கு!

காரம் துளிகூட இல்லாத துண்டுதான்.
ஆனாலும் அப்போது உறைத்தது:
இதே நாக்கால்தானே தின்கிறேன்,
இதே நாக்கால்தானே ஆமாம் ஆமாம் என்கிறேன்.
தின்னும்போது எனக்கே எனக்கானது
பேசும்போது மட்டும்
ஊர்ச்சொத்து ஆவது எப்படி?

"மிரேய்?"

"ஈரக் கம்பளி."
கியர் மாற்ற மறந்து மேடேறும் வண்டிபோல
இழுத்தது குரல்.

"பசும்பாலில் ஆடு எப்படி நனைந்தது?" என்றார் அர்மான்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அவர் கேட்டதும் நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அழிக்கவில்லை.

செயலாளர் நோட்டில் எழுதினார்.
எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாக வாசித்தேன்:
அக்ரூட், பதினொன்று.
ஈரக் கம்பளி, ஒன்று.

மீந்த துண்டைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கில்பேர் தூங்கிவிட்டிருந்தார்.
விளக்கைப் போடாமல், அடுக்களையில் நின்றபடி
மென்றேன். சொல்ல யாரும் இல்லை, கேட்கவும்.
கம்பளி இருந்தது. அதே நனைவு.
விழுங்கப் போகும் நேரத்தில்
எங்கோ பின்னாலிருந்து, கசப்பும் எண்ணெயுமாக,
வந்தது அக்ரூட்.

அர்மான் சொன்னது பொய்யில்லை.
அவர் சொன்னபோது அது என் வாய்க்கு வந்திருக்கவில்லை,
அவ்வளவுதான்.
அடுத்த மாதம் கேட்டால் இரண்டையும் சொல்வேன்.
முதலில் கம்பளி.

காலை ஆறரை, முதல் நிறுத்தம்.
அனாத்தோல் ஏறினான். ஏழு வயது, முன்பல் இல்லை.
"இன்னைக்கு மழை வரும்," என்றான்.
துடைத்துவைத்த தட்டுபோல வானம்.
வாய்வரை வந்துவிட்டது, "வராது, போய் உட்கார்."

கதவை மூடினேன்.
"எதை வைத்துச் சொல்கிறாய்?" என்றேன்.