துறைமுகத்தில் ஒரு யு

கடலூர் ஓ.டி.யில் ஐந்தேகாலுக்கு ஏறினால்
முள்ளோடையில் பாதி பஸ் இறங்கிவிடும், சாராயத்துக்கு.
மீதிப் பாதியில் நான்
புதுச்சேரிக்குப் போகிறேன், எழுத்து பொறுக்க.

இரவு ஷிஃப்ட், மூன்றாம் மாடி.
எங்கோ யாரோ பேராசிரியர் எழுதியதை
அச்சுக்கு முன்னால் மேய்ந்து கொடுக்கவேண்டும்.
லண்டன் கோப்பில் யு இருக்கவேண்டும்
பாஸ்டன் கோப்பில் கூடாது.
கலரிலிருந்து ஒன்று, லேபரிலிருந்து ஒன்று,
நெய்பரிடமிருந்து ஒன்று
ஒடித்து ஒடித்துப் போடுகிறேன்
நண்டுக்கால் போல.
நாளைக்கு வேறு கோப்பு.
ஒடித்ததையெல்லாம் திரும்ப ஒட்டு.

சத்தம் மாறுவதில்லை, அதுதான் வேடிக்கை.
தமிழில் கலர் என்று எழுதிப் பார்த்தேன்.
யு உட்கார்ந்திருந்த தழும்புகூட இல்லை.

மெஷினுக்கு எப்போதும் அவசரம்.
எல்லா டயரையும் ஒரே கட்டளையில்
அமெரிக்க டயராக்கச் சொன்னேன், போன ஆவணியில்.
ஒய்யைக் கழற்றி ஐயை மாட்டியது
லாரிக்கு, சைக்கிளுக்கு, டிராக்டருக்கு.
அதே வேகத்தில் மத்தியதரைக் கடலோரம் போய்
மூவாயிரம் வருஷத்துத் துறைமுகப் பட்டினம் ஒன்றுக்கும் மாட்டிவிட்டது.
அதற்கும் அதே எழுத்தாம்,
எனக்கெப்படித் தெரியும்?
ஒரு நகரமே களைத்துப்போய் அச்சேறிற்று.
ஊர்க்காரர்கள் புகார் தரவில்லை.
பேராசிரியர் தந்தார்.

பக்கத்து நாற்காலி செலஸ்தீன்
சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது.
அவள் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் சின்னக் கீற்று உண்டு,
பிரெஞ்சுக் கீற்று.
அடையாள அட்டை அடித்தவன்
தூசி என்று துடைத்துவிட்டான்.

என் பாடு வேறு.
வாழ்வரசி.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ழ-வுக்கு எல்,
ஆதாரில் இஸட் ஹெச்,
பாஸ்புக்கில் போதாதென்று இரண்டு ஏ.
மூன்றின் கீழும் கோடு போட்டு
இதய வால்வா என்கிறது மெஷின்.
பாஸ்போர்ட் ஆபீசிலும் ஏறத்தாழ அதையேதான் கேட்டார்கள்:
இதில் எதும்மா நீ?

லண்டனில் மாடிக்கு ஒரு ஈ அதிகம்.
அமெரிக்காக்காரன் அந்த ஈயை ஓட்டிவிட்டான்.
அங்கே மாடிக்கும் கதைக்கும் ஒரே எழுத்து.
மூன்றாம் கதையில் உட்கார்ந்து
ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று லண்டன் கோப்பு. பழைய துறைமுகங்கள்.
ஹார்பர் வந்த இடமெல்லாம்
யு வைத்துக்கொண்டே வந்தேன்,
பந்தியில் உப்பு வைப்பதுபோல.
நாற்பத்தேழாம் அடிக்குறிப்பில் எங்கள் ஊர்.
வெள்ளைக்காரன் வைத்த எழுத்திலேயே:
டி இரண்டு, கடைசியில் வாய்திறவாத ஈ.
அதற்குக் கீழே சிவப்பு நெளிகோடு.
அமுக்கினேன்.
ஒரே ஒரு யோசனை இருந்தது,
அணைத்துக்கொள் என்பதற்கான இங்கிலீஷ்.

ஊரா உம்மாவா என்றாள் செலஸ்தீன்.
நான் சிரிக்கவில்லை.
கூடலூர்தான் தேய்ந்து கடலூர் ஆனதென்று
எங்கள் பக்கம் ஒரு பேச்சு.
ஆறுகள் கூடுகிற இடம் கூடல்.
ஆறுகள் மட்டுமா கூடுகின்றன?
ஒரு எழுத்து தமிழ் தெரியாத மெஷின்
தப்பாய்த் துழாவி
சரியான இடத்தில் கைவைத்துவிட்டது.

மாற்றவா, விடவா, அகராதியில் சேர்க்கவா
என்று கேட்டது.
சேர்த்தேன்.
அந்த ஒரு கம்ப்யூட்டரில்
இனி எங்கள் ஊர் தப்பில்லை.
திங்கட்கிழமை ஃபார்மட் செய்யப்போகிறார்களாம்.

விடியக்காலை ஓ.டி.யில் இறங்கி
துறைமுகம் வழியாக நடந்தேன்.
வாசல் பலகையில் யு இல்லை.
இத்தனை வருஷம் கண்ணில் படவேயில்லை.
பெயின்டருக்கு இடம் பத்தாமல் போயிருக்கும்.
லண்டனா பாஸ்டனா என்று கேட்க
யாரிருந்தார்கள் அவனுக்கு.
உள்ளே ஐஸ் உடைக்கிற சத்தம்.
ஒரு படகு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கண் எரிந்தது.
களைப்புக்கு மட்டும்
இரண்டு நாட்டிலும் ஒரே எழுத்து.