ஊதாப் புதன்

தொண்ணூற்றொரு நாள் இருக்கிறதென்று
அட்டையில் கட்டம் போட்டேன்.
போட்டு முடிக்கவே மூன்று நாள் போயிற்று.
கணக்குக்கு நீலம், வரலாற்றுக்குச் சிவப்பு,
வேதியியலுக்கு, பச்சை தீர்ந்துவிட்டதால், பழுப்பு.
ஆக, எண்பத்தெட்டு.

பெலேம் நகரில் யாரும் மணி சொல்வதில்லை.
மழைக்கு முன் வருகிறேன் என்பார்கள்,
மழைக்குப் பின் பார்க்கலாம் என்பார்கள்.
நானும் அப்படியே எழுதினேன்.
மழைக்கு முன் முக்கோணவியல்.
மழைக்குப் பின் கட்டுரை, முப்பது வரி,
ஒரு வரி மிஞ்சக் கூடாது.

முதல் திங்கள் மழையே வரவில்லை.
ஆற்றின்மேல் மேகம் நின்றது,
கடன் கேட்க வந்து
கேட்காமல் நிற்பவரைப் போல.
இருட்டும்வரை
நான் மழைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்,
புத்தகத்தைத் திறக்காமல்.

அண்ணன் வாண்டெர்லான் அட்டையை
விலைப்பட்டியல் போல வாசித்தான்.
"தூக்கம் எங்கே, ஜான்டீரா?"
தேடினேன்.
கடவுளுக்குக்கூட ஞாயிறு காலை
அரைக் கட்டம் கொடுத்திருக்கிறேன்.
தூக்கத்துக்கு ஓரத்தில் ஒரு கோடு இல்லை.

அசாயீ கடையில் எனக்கு வேலை.
பழத்தை வெந்நீரில் ஊறப்போட வேண்டும்,
இயந்திரத்தில் கொட்ட வேண்டும்,
கூழ் வழியத் தொடங்கியதும்
வாசலில் சிவப்புக் கொடி மாட்ட வேண்டும்.
கொடி ஏறினால் தெருவே வரும், பாத்திரமும் கையுமாக.
கொடி எப்போது இறங்கும்?
பழம் தீரும்போது.
அதை எந்த நிறத்தில் எழுதுவது?

அக்டோபரில் மாதா ஊர்வலம்.
ஊரே கயிற்றைப் பிடித்து நடக்கிற ஞாயிறில்
மாதிரித் தேர்வு என்று போட்டிருந்தேன், பைத்தியக்காரி.
ஏழாவது கேள்வியில் எழுந்து ஓடினேன்.
கூட்டத்தில் ஒருத்தி
பாடப்புத்தகக் கட்டைத் தலையில் சுமந்து போனாள்.
போன வருடம் தேறினாளாம், நேர்ந்துகொண்டாளாம்.
அதில் வேதியியல் எத்தனை கிலோ என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் இரவு வாளி சரிந்தது.
இயந்திரத்தின் பின்னால் மாட்டியிருந்த அட்டையில்
புதன் வரிசை மட்டும்
மேலிருந்து கீழ்வரை ஊதா.
அசாயீ கறை எதற்கும் போகாது.
மிச்சமிருந்த நான்கு புதனிலும்
என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கே நினைவில்லை.
பொன் கிடைத்தாலும் கிடைக்காத கிழமை
சும்மா கிடைத்தது.

விடியுமுன் துறைக்குப் போனேன்.
தீவிலிருந்து வந்த படகு,
விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல்.
கயிறு கட்டிக்கொண்டிருந்த பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும்.
"இன்னும் ஒரு கூடை ஏற்றினால்?"
"கதை முடிந்தது."
"எப்படித் தெரியும்?"
"ஏற்றிப் பார்த்தோமே, போன வருடம்."

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நீளம் எட்டு மீட்டர், அகலம் இரண்டு,
கூடைக்கு இருபத்தெட்டு கிலோ.
படகு இறங்குவது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்.
இரண்டு விரலுக்கு இருபது கூடை ஏற்றலாம்!
நான் படிக்க நினைப்பது கப்பல் கட்டும் படிப்பு.
அதற்காக நான் போட்ட முதல் கணக்கு இதுதான்,
கட்டம் இல்லாத இடத்தில்.
பெருமையாக நீட்டினேன்.

பையன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"குளத்தில் சரிதான்," என்றான்.
"அந்த இரண்டு விரல் அலைக்கு."

இன்னும் இருபத்தைந்து.
வாண்டெர்லான் வெள்ளைத் தாள் கொண்டுவந்தான்,
புதன்மேல் ஒட்டி மறுபடி எழுதிக்கொள் என்று.
வேண்டாம் என்றேன்.
காரணம் கேட்டான். சொன்னால் சிரிப்பான்.

தேர்வன்று ஒரு மணிக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள்.
அன்றைக்கு மட்டும்
மழைக்கு முன், மழைக்குப் பின் எல்லாம் செல்லாது.
இப்போதைக்குத் தூங்கப் போகிறேன்.
வேதியியல் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது.