துணைக்கால்

பலகை வவுனியாவிலிருந்து வந்தது,
டிப்பரில், சல்லிக்கு மேல், முகங்குப்புற.
நிமிர்த்தினோம். மூன்று வரி.
மேலே அவர்கள், நடுவில் நாங்கள்,
கீழே இருவருக்கும் சொந்தமில்லாத எழுத்து.
எங்கள் வரி சரி: பாலையடிக்குளம்.

சுனந்த மேல்வரியை வாசித்தான்.
திரும்பவும் வாசித்தான்.
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:
“மச்சான், இது மரமில்லை.”

பாலைக்குச் சிங்களத்தில் பலு.
குளத்துக்கு வெவ.
பலுவெவ என்று கந்தோரில் யாரோ பெயர்த்து
யாரோ தட்டெழுதி
யாரோ கையெழுத்து வைத்து
வழியில் எங்கோ ஒரு கால் கூடிவிட்டது.
பாலுவெவ.
ஆளில்லாத குளம்.

அவனுடைய ஊர்ப் பலகையில்
தமிழில் ஒரு கொம்பு குறைவாம்.
வாசித்தால் என்ன வரும் என்று கேட்டான்.
கெட்ட வார்த்தை. நான் சொல்லவில்லை.

எங்களுக்கும் அப்படித்தான் என்றேன்.
பாலை என்றால் வீரைக்குப் பக்கத்தில் நிற்கிற மரம்,
வைகாசியில் பழம், தின்றால் உதடு ஒட்டும்.
பாலை என்றால் யாருமில்லாத வெயிலும்.
அதற்கு எழுத்துப்பிழைகூடத் தேவையில்லை.

இதே இடத்தில் முன்பு ஒரு பலகை நின்றது,
சிவப்பில், மண்டையோட்டோடு.
அதில் எந்த மொழியிலும் ஒரு பிழை இல்லை.

யோகவதனி கடையிலிருந்து பிளேன்ரீ கொண்டுவந்தாள்.
விசயத்தைச் சொன்னோம்.
ஜெய்ப்பூர்க் காலை நேராக நீட்டி
சல்லிக் கும்பியில் இருந்து
அந்த வரியைப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியாது.
“எது கூடின கால்?”
சுனந்த விரலால் தொட்டுக் காட்டினான்.
“இருக்கட்டும், பாவம்.
இந்த ஊரிலை ஆருக்காவது
ஒண்டு கூடக் கிடைச்சுதே.”

நான் சிரித்தேன். மொழிபெயர்க்கச் சொன்னான் சுனந்த.
பெயர்த்தேன்.
அவன் எழும்பிப் போய்
டிப்பர்ச் சில்லிலிருந்து கிரீஸ் வழித்து வந்து
அந்தக் காலை மட்டும் மூடினான்.
வெயிலில் அது மற்ற எழுத்தைவிட மினுங்கியது.

மூன்றரை பஸ் வந்தது.
கொண்டக்டர் பலகையைப் பார்க்கவில்லை.
“ஏழாங்கட்டை, ஏழாங்கட்டை” என்று கூவினான்.
முன்சீற்றில் தூங்கிய ஆமிக்காரனுக்காக
“ஹத்வெனி கணுவ” என்று ஒருதரம்.
இரண்டு பேர் இறங்கினார்கள்.
கட்டை எந்த வருசம் போனதென்று
எனக்கு நினைவில்லை.

கொங்கிறீற்று இறுகவில்லை.
ஆளுக்கொரு பக்கம் கம்பத்தைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தோம்.