முப்பது தப்படி

பாறையில் சிவப்பு வட்டம், உள்ளே வெள்ளைப் பொட்டு:
வழி சரி என்று அர்த்தம்.
வானத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

காலையில் மலைக்குடிலில் ஸ்லாவ்கா
சூப் பானையைத் துலக்கியபடி சொன்னாள்:
"பதினொன்றுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.
இத்தாலிப் பக்கமிருந்து மத்தியானம் வந்துவிடும்."
எது வரும் என்று சொல்லவில்லை.
நாம் இன்னொரு காபி கேட்டோம்.

பன்னிரண்டே காலுக்கு
இரும்பு வடத்தைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தோம்.
யோஷ்ட், நீ முன்னால்.
உன் சட்டைப்பையில் முத்திரைப் புத்தகம்.
முப்பத்தொன்பது உச்சிகள். நாற்பதாவது கட்டம் காலி.

முதலில் பிரினாவின் தலைமுடி எழுந்தது,
ஊதினால் பறக்கிற புல்பூ போல.
சிரித்தோம்.
பிறகு வடம் முனகியது,
டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி.

"கையை எடு."
யார் சொன்னது, நீயா நானா?
வீசியெறிந்த கைத்தடிகள்
பள்ளத்தில் தட்டித் தட்டிப் போவது
வெகுநேரம் கேட்டது.

சரளைச் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கினோம்.
பாறையடியில் ஒரு பொந்து, மூவர் ஒடுங்கலாம்.
பிரினா அதை நோக்கி ஓடினாள்.
"அதில் வேண்டாம், அதன் வாயில்தான் தாவும்!"
அப்புறம் நீ சொன்னாய்:
"பிரிந்து போங்கள்."

பயந்தால் பற்றிக்கொள்ளத்தானே கை?
தள்ளிப் போனேன். எண்ணினேன்.
முப்பது தப்படி.
ஒருவர் விழுந்தால்
ஓடி வர ஒருவர் மிஞ்ச வேண்டும்.

பையைப் போட்டு அதன்மேல் குந்தினேன்.
நிலத்தில் ஓடி வருவது
ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குமாம்.
பாதங்கள் ஒட்டியிருக்க
நாம் பிரிந்திருந்தோம்.

வெளிச்சம்.
ஒன்று, இரண்—
மழைக்குள் உன் மஞ்சள் மேலங்கி.
வெளிச்சம்.
நீ இருக்கிறாய். பிரினா இருக்கிறாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
வெளிச்சம்.
நீ இருக்கிறாய். பிரினா
எங்கே
இருக்கிறாள், குனிந்திருக்கிறாள்.

வெயில் வந்த பிறகும் நீ எழவிடவில்லை.
கடைசி இடியிலிருந்து அரைமணி,
கடிகாரத்தை முறைத்தபடி இருந்தாய்.
ஒரு மலையாடு நம்மைக் கடந்து
மேலே போனது, மெல்ல, புல் கடித்துக்கொண்டு.

குடிலில் ஸ்லாவ்கா ஒன்றும் கேட்கவில்லை.
அடுப்பருகே உன் புத்தகம் காய்ந்தது.
பழைய முத்திரைகள் கரைந்து
ஒரே நீலத் திட்டு.
நாற்பதாவது கட்டம் மட்டும் சுத்தம்.

எட்டுப் பேர் உட்காரும் மேசை.
மூவரும் ஒரே பெஞ்சின் ஒரே முனையில்
தோளோடு தோள் இடித்தபடி.
சூப் சிந்தியது.
யாரும் நகரவில்லை.