நைட் ஹால்ட்

மன்னவனூரில்தான் வண்டி படுக்கும்.
போன மார்கழியில் ஒரு மாலை
பூம்பாறை வளைவில் ரிவர்ஸ் எடுக்க
சவரிநாயகம் விசில் கேட்டார்.
ஊதினேன்.
விசிலுக்குள் இருந்த குண்டு அசையவில்லை.
நெஞ்சுக்குள்தான் ஏதோ
ஈரச் சாக்கை இழுத்ததுபோல் சத்தம்.
வண்டி பின்னால் போய் மைல்கல்லில் முட்டியது.
மெமோ எனக்கு.

சளியை இளக்கும் மாத்திரை
மைத்துனன் மிச்சம் வைத்தது பாக்கெட்டில் கிடந்தது.
ராத்திரி ஒன்பது மணிக்கு, வெறும் வயிற்றில்,
தம்ளரில் போட்டேன். சோடாபோல் நுரைத்தது.
அழுகிய முட்டை நாற்றம்.
"பூண்டு மூட்டை ஏதும் கெட்டுப்போச்சா பாருய்யா"
என்றார் சவரிநாயகம், கம்பளிக்குள்ளிருந்து.
அவர் தூக்கம் கெடக் கூடாதே என்று
இருமலை அடக்கும் சிரப்பையும்
மூடியில் ஊற்றிக் குடித்தேன், இரண்டு முறை.

என் தொழில் பாஷையில் சொல்கிறேன்:
முதல் மருந்து
உள்ளே தூங்கிக்கொண்டிருந்த எல்லோரையும்
தட்டி எழுப்பி, இறங்கு இறங்கு என்றது.
இரண்டாம் மருந்து
கதவைச் சாத்திவிட்டது.

மூன்று பேர் சீட்டில் மல்லாந்து கிடந்தேன்.
நெஞ்சுவரை தண்ணீர்.
மலை உச்சியில், ஏரி குளம் எதுவும் இல்லாத பஸ்ஸுக்குள்,
முங்கிக்கொண்டிருந்தேன்.

டிப்போவுக்குச் சொல்லவில்லை, அனுமதி வாங்கவில்லை.
இரண்டேகால் மணிக்கு சவரிநாயகம் வண்டியைக் கிளப்பினார்.
பனியில் மஞ்சள் கோட்டை மட்டும் நம்பி
கொடைக்கானல்வரை.
முப்பத்தொரு வருஷத்தில் அன்றுதான்
டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மூக்கோடு வாயோடு முகமூடி.
குழாயைத் திறக்கும் மருந்து முதலில்,
கரைக்கிற பேச்சு அப்புறம் என்றார்
டியூட்டி டாக்டர், கொட்டாவியோடு.
வீசிங் உண்டா? என்றார்.
இல்லை என்றேன், பழக்கதோஷம்.
வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோதும் அதையேதான் சொன்னேன்.
அப்போது வயது இருபத்து நாலு,
வீட்டில் கட்டிக்கொடுக்க இரண்டு தங்கைகள்.

உண்மையை வாங்கியது
மூஞ்சிக்கல் மருந்துக்கடை அமலோற்பவம்.
சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.
வீசிங்? உண்டு.
வயிற்றில் புண்?
டீயும் வடையும்தான் என் மதியச் சாப்பாடு என்றேன்.
அதை டாக்டரிடம் சொன்னீர்களா என்றார்.
பிரஷர்? இந்த நுரைக்குள் உப்பு இருக்கு, தெரியுமா?
தெரியாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
ஒவ்வொன்றாய்ச் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல்
எல்லாவற்றையும் கொடுத்தேன்.
அப்படியே திரும்ப டாக்டரிடம் அனுப்பினார்.
ஒரு மாத்திரைகூட விற்கவில்லை.

இப்போது என் பெயரில் எழுதிய மாத்திரை.
மதியம், பூம்பாறையில் வண்டி நிற்கிற இருபது நிமிஷம்.
சோறு முதலில். பிறகு நுரை, அதே முட்டை வாசனை
(அது அதன் பிறவிக் குணமாம், கெட்டதில்லை).
பாட்டில் பாட்டிலாய் வெந்நீர்;
பஞ்சாயத்துக் கழிப்பறைக்காரனுக்கு
என் முகம் மனப்பாடம்.
ஆன்டிபயாடிக் கொடுத்த வாரம்
இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட்டேன்,
ஒரே ரூட்டில் இரண்டு வண்டியை விடுவதுபோல்.
சிரப்பை ஓடையில் கொட்டப் போனேன்,
அதுவும் தப்பாம். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இருமல் வரும். வரட்டும்.
அதுதானே இறங்கும் வழி.
பொட்டலத் தாளில் துப்பி, மடித்து,
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் நிறம் எழுதுகிறேன்:
வெள்ளை. வெள்ளை. லேசாய் மஞ்சள். வெள்ளை.
சிவப்பு என்று எழுத நேர்ந்தால்
அடுத்த டிரிப்வரை காத்திருக்கக் கூடாது என்று
அமலோற்பவம் அடிக்கோடு போட்டிருக்கிறார்.
செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருநாள் தாளைப் புரட்டிப் பார்த்து
இது என்ன கணக்கு என்றார்.
இறங்கினவங்க கணக்கு சார் என்றேன்.

நேற்று அதே வளைவு.
ஊதினேன். குண்டு உருண்டது,
சத்தம் கொஞ்சம் பிசிறடித்தாலும்.
சவரிநாயகம் ரிவர்ஸ் எடுத்தார்,
கண்ணாடியிலும் ஒரு கண் வைத்துக்கொண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.