பல்லி

எண்பத்தெட்டு கேபி.
ஒரு கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்தால்
இதைவிடப் பெரிதாக வரும்.
திரையின் வலது மூலையில் ஒட்டிக்கொள்ளும்,
மணிக்கொருமுறை கிச் கிச் என்னும்.
அதனால் பல்லி.

பகலில் எனக்குப் பர்கூரில் மொத்த ஜவுளிக் கணக்கு.
ராத்திரி பத்துக்குமேல்,
லுங்கி பேல்களின் எண்ணிக்கை தலையைவிட்டு இறங்கியபின்
பல்லிக்குக் கால் வரைவேன்.
புதுக் கணினிகளுக்கு என் தயவு வேண்டாம்.
விசிறி கரகரக்கும் பெட்டி, பின்புறம் உப்பிய மானிட்டர்,
பொத்தானைத் தட்டினால்
எழலாமா என்று யோசித்துவிட்டு எழுகிறவை,
அவற்றுக்குத்தான்.

கூடவே சில்லறைச் சாமான்கள்:
குப்பை பெருக்க ஒன்று,
ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கிடந்தால்
காட்டிக்கொடுக்க ஒன்று,
கிலோவைக் குவிண்டாலாக்க ஒன்று.
பென்டிரைவில் போட்டுத் தருவேன்.
"சும்மாவா?" என்றார் ஜெராக்ஸ் கடை நஸ்ரீன்.
"சும்மாதான்."
"அப்புறம் என்னா கேப்பே?"
ஒரு டீ கேட்டேன்.
அவருக்கு அப்போதுதான் நிம்மதி.

போச்சம்பள்ளி உரக்கடையிலிருந்து
முனிரத்தினம் போன் செய்தார்.
"நொடி முள்ளு நகர்ற ஒவ்வொரு தபாவும்
என் பெட்டி மூச்சு வாங்குது சார், பில்லு நிக்குது."
நான் சார் இல்லை என்றேன்.
"சரி மேடம், முள்ள எடுத்துடுங்க சார்."
எடுத்தேன்.
அறுபத்துநாலு எம்பிக்குக் கீழே போனால்
பல்லி தானே வாலை உதிர்த்துக்கொள்ளும்.
நான் எழுதியதில் உருப்படியான வரி அதுதான்.

இந்த வயதுப் பெட்டிகளுக்குள்
காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும்.
அது செத்தால்
ஒவ்வொரு காலையும் 2002 ஜனவரி ஒன்று.
ஆகவே பல்லிக்குச் சொல்லிவைத்தேன்:
நிமிடத்துக்கொருமுறை மணியைக் குறித்துக்கொள்,
கரண்டு போய் வந்தால்
கடைசியாகக் குறித்ததிலிருந்து தொடங்கு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வை,
யாராவது வந்து திருத்தும்வரை.

பேட்டரி நாற்பது ரூபாய்.
யாராவது வருவார்கள் என்றுதான் நினைத்தேன்.

காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு மாம்பழக்கூழ் ஆலை.
எடைமேடையில் திம்மராயன்.
சித்திரையில் லாரி வரத் தொடங்கினால்
ஆடியில் கேட்டைப் பூட்டும்வரை
அவர் கணினியை அணைப்பதில்லை.
அணைப்பது கரண்டின் வேலை.
மூன்றாம் வருஷம், சீட்டு அச்சாகவில்லை என்று கூப்பிட்டார்.
போனேன்.
ரிப்பன் கழன்றிருந்தது, மாட்டினேன்.
பிறகுதான் மூலையைப் பார்த்தேன்:
டிசம்பர் 29, காலை 10:59 ?

வெளியே வைகாசி,
மேடையில் பெங்களூரா ஏற்றிய லாரி,
ஈ மொய்க்கிறது.
உள்ளே மார்கழி.

விரல்விட்டு எண்ணினேன்.
பூட்டிக் கிடந்த எட்டெட்டு மாதமும்
அதற்கு நடக்கவே இல்லை.
தீபாவளி இல்லை, அடைமழை இல்லை.
ஆடிக்கு மறுநாள் சித்திரை,
லாரிக்குப் பின்னால் லாரி.
சீட்டில் விழும் தேதியைப் பேனாவால் அடித்து
மேலே சரியானதை எழுதித் தருகிறார் திம்மராயன்,
இரண்டு வருஷமாக.

"சரி பண்ணிடட்டா?"
மவுஸைத் தொட்டேன். பையில் பேட்டரிகூட இருந்தது.

"வுட்டுடும்மா.
ஆலை மூடுன மாசத்த எனக்கும்தான்
சம்பளத்துல சேக்கறதில்ல.
அது மட்டும் எதுக்குக் கணக்கு காட்டணும்?"

சொல்லி வாய் மூடவில்லை,
கிச் கிச்.

"பாத்தியா, சொல்லுது" என்றார்,
மேசையை மூன்று தரம் தட்டினார்.
அப்போது மணி சாயங்காலம் ஆறேகால்.
லாரி இறங்கியது, எடை பூஜ்யத்துக்கு வந்தது,
அடுத்தது ஏறியது.