ஒரு பத்து இட்லித் தட்டு

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
டைப் அடிக்கிற மேசைக்கு முன்னால்
ஈரவாடை போகாத ஒரு மஞ்சப்பை.
பைக்குப் பின்னால் ஆவுடையம்மாள்.
சிந்துபூந்துறையில் இட்லிக்கடை,
ஆறு உள்ளே வந்து போன கடை.
இன்சூரன்ஸ்காரனுக்கு இங்கிலீஷில் வேணுமாம்.

'எழுதுட்டி. ஒரு பத்து இட்லித் தட்டு.'
ஒன்றா, பத்தா என்று கேட்கும் அந்த மொழி.
ஒன்பதும் பதினொன்றும் இடித்துக்கொண்டு உட்கார
நம்ம 'ஒரு'வில் இடமுண்டு.
அவர்கள் 'ஏ' ஒற்றை ஆள் சீட்டு.
பத்து என்று மட்டும் அடித்தேன்.

'ஒரு கிரைண்டர்.' ஏ போட்டாச்சு.
'ஒரு மூடை அரிசி.'
மூடைக்கு ஏ உண்டு, அரிசிக்குக் கிடையாது.
'மேசை நாலு, பெஞ்சு ஆறு.'
படிவத்தில் எல்லாத்துக்கும் ஒரே கட்டம், ஃபர்னிச்சர்.
முன்னால் ஏ ஒட்டாது, பின்னால் எஸ் ஒட்டாது.
'ஒண்ணொண்ணாத்தான மெதந்து போச்சு?'
என்றாள், என்னைப் பார்க்காமல்.

'பெறவு, மாவு.'
பாளையங்கோட்டை டியூட்டோரியலில்
ரெண்டு மார்க் நான் விட்ட இடம் இது.
தண்ணீர், பால், மணல், மாவு:
எண்ண முடியாத பெயர்ச்சொல், அக்கா.
'யாரு சொன்னா?
விடிஞ்சு ஊத்தியிருந்தா நானூறுலா.
அஞ்சு ரூவா வச்சுப் போட்டுப் பாரு.'
வெந்து தட்டை விட்டு இறங்காத ஒன்றை
எந்தக் கட்டத்தில் எழுத?
கர்சர் நின்று நின்று சிமிட்டியது.

அடுத்து வெள்ளம்.
முதல் தடவை சொன்னால் ஏ,
கேட்கிறவனுக்குத் தெரிந்ததென்றால் தி.
ஏ போட்டு வாசித்துக் காட்டினேன்.
'ஏதோ ஒரு வெள்ளமா?
நாங் கெட்டிக்கிட்டு வந்த வருசமும்
இதே நடையேறித்தான் வந்துச்சு.
தெரிஞ்ச வெள்ளம்ட்டி.'
ஏ-யை அழித்தேன். தி.

கடைசி வரி, டேமேஜ்.
கைப்பழக்கத்தில் எஸ் விழுந்துவிட்டது.
அது இல்லையென்றால் சேதம்,
இருந்தால் கோர்ட்டு தீர்த்துவைக்கிற நஷ்டஈடு
என்று சொல்லி அழிக்கப் போனேன்.
'கெடக்கட்டும் விடு.
ஒரு எழுத்துதான, ஒனக்கென்ன கொறஞ்சு போச்சு?'

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
மூன்று பத்து ரூபாய் நோட்டு நீட்டினாள்,
சகதி காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி.
பிரித்தால் கிழியும்.
எண்ணாமல் டப்பாவில் போட்டேன்.